பழிக்குப் பின்னால் ஒரு கேள்வி
(திரைக்கதைப் பயிற்சிக் கட்டுரை)

நம் சங்கத்தில் ஞாயிறு மாலைகளில் இளைஞர்களுக்காக நடந்துவரும் கதை எழுதும் பயிற்சியைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். எல்லோர் கையிலும் படமெடுக்கும் கைப்பேசி இருப்பதால், எல்லோரும் குறும்படக் கதையோடுதான் வருகிறார்கள். அவற்றில் பாதிக்கு மேல் பழிவாங்கும் கதைகள். அன்புக்குரிய ஒருவர் சாகிறார், நாயகன் புறப்படுகிறான், கடைசியில் நாலைந்து பிணங்கள் விழுகின்றன. இவற்றை நான் குறை சொல்லவில்லை. நம் மொழியின் ஆதி காப்பியமே ஒரு பெண் நீதி கேட்டு ஊரை எரித்த கதைதானே! ஆனால், "இவன் ஏன் இதைச் செய்கிறான்?" என்று கேட்டால், "தங்கையைக் கொன்றுவிட்டார்கள், அதனால்தான்" என்ற பதில் மட்டுமே வருகிறது. அது காரணம், நோக்கம் ஆகாது. காரணம் வெளியே நடப்பது. நோக்கம் உள்ளே விளைவது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் காட்டுவதுதான் எழுதுகிறவரின் வேலை. வகுப்பில் பேசியவற்றைத் தொகுத்து இங்கே தருகிறேன்.

1. சொல்லிலிருந்து தொடங்குவோம்

தமிழில் "பழி" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று குற்றச்சாட்டு, அதாவது பழிச்சொல். மற்றொன்று பதிலுக்குப் பதில். பழியைச் சுமக்கிறோம், பழியைப் போடுகிறோம், பழியை வாங்குகிறோம். "இதற்கு யார் பொறுப்பு?" என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இங்கே நம் அண்டை வீட்டார் மலையாளத்தில் "பகரம் வீட்டுக" என்பார்கள். பகரம் என்றால் ஈடு, மாற்று. இழந்ததற்கு ஈடாக ஒன்றை வசூலிப்பது. ஆனால் செத்தவருக்கு ஈடு ஏது? பழிவாங்கும் கதைகளின் துயரம் முழுவதும் இந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடும். ஒன்று பதில் இல்லாத கேள்வி. மற்றொன்று தீராத கடன்.

2. கண்ணகி முதலில் கேட்டது என்ன?

நம் மட்டாஞ்சேரிக்கு வடக்கே கொடுங்கல்லூர் பகவதி கோயிலுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். மீன மாதத்துப் பரணிக் கூட்டத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தத் தெய்வத்தைக் கண்ணகியோடு இணைத்துப் பேசும் மரபு உண்டு. ஆகவே கண்ணகி நமக்குத் தூரத்துக் கதை அல்லள், பக்கத்து ஊர்க்காரி. 1942-இல் பி. கண்ணாம்பா நடித்த "கண்ணகி"யும், 1964-இல் விஜயகுமாரி நடித்த "பூம்புகா"ரும் அவளைத் திரைக்குக் கொண்டுவந்தன.

சிலப்பதிகாரத்தில் அவள் சினம் எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று பாருங்கள். கணவன் கொலையுண்ட செய்தி ஆய்ச்சியர் சேரியில் அவளை வந்தடைகிறது. உடனே அவள் தீயைக் கேட்கவில்லை. கதிரவனைப் பார்த்து, என் கணவன் கள்வனா என்று கேட்கிறாள். பிறகு உடலைக் காண ஓடுகிறாள். அதன் பிறகுதான் அரசவை. அங்கும் முதலில் சான்றுதான் வைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு உடைகிறது, உண்மை தெறிக்கிறது, பாண்டியன் தானே உயிர் விடுகிறான்.

கணக்குப் பார்த்தால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, தவறிழைத்தவனும் மாண்டான். ஆனாலும் அவள் மதுரையை எரிக்கிறாள். ஏன்? பதில் கிடைத்தும் கோவலன் எழுந்து வரவில்லை. கேள்வி தீர்ந்துவிட்டது, துயரம் தீரவில்லை. மிஞ்சிய துயரந்தான் தீயாகிறது. அப்போதும் முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் விட்டுவிடுமாறு தீயிடம் சொல்கிறாள். வெறியின் உச்சியிலும் அவள் யார் என்பது மறைந்துவிடவில்லை. பாத்திரப் படைப்பு என்றால் இதுதான்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டும் தந்தையைக் கொன்றவன் யாரென்று ஆவி சொல்லியும் நம்பாமல், ஒரு நாடகத்தை நடத்தச் சொல்லி உண்மையைச் சோதிக்கிறான். மதுரையானாலும் டென்மார்க்கானாலும், துயருற்றவருக்கு முதல் தேவை கத்தி அன்று, "உண்மையில் என்ன நடந்தது?" என்பதற்கு ஒரு பதில்.

3. இதை நான் எங்கே கற்றேன்

இந்த இடத்தில் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் கணக்கு எழுதியவன். என் தம்பியும் என்னோடு இருந்தான். 1993-இல் அவனுக்கு இருபத்தாறு வயது. ஒரு நாள் வயிற்றுவலி என்றான். மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வலிக்கு மாத்திரை கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் அவன் இல்லை. எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

அதன் பிறகு ஏழெட்டு மாதம், வேலை முடிந்ததும் அந்த மருத்துவர் வீட்டெதிரே போய் நிற்பேன். எதற்கு நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது. கையில் குடை மட்டும் இருக்கும். ஒரு நாள் அவர் கேட்டைத் திறந்து வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "யாருமில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றிரவு ரசத்தில் உப்புக் குறைவு என்று என் மனைவியிடம் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினேன். அவள் ஒன்றும் பேசாமல் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளினாள்.

நான் வேண்டியது அவருடைய உயிரை அல்ல என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. "உங்கள் தம்பி பெயர் என்ன?" என்று அவர் ஒரு முறை கேட்டிருந்தால் போதும். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் கோபம் போய்ச் சேர்ந்தது சம்பந்தமே இல்லாத ஓர் ஆளிடம்.

எழுதுகிறவர்களுக்கு இதில் இரண்டு பாடம். துயரம் நேர்கோட்டில் எதிரியிடம் போவதில்லை. வழியில் கிடைத்தவர்களையெல்லாம் அடித்துவிட்டுப் போகிறது. அடுத்தது, பழிவாங்க நினைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பழிவாங்குவதே இல்லை. குடையோடு நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உங்கள் நாயகன் மட்டும் ஏன் திரும்பவில்லை? கதை அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

4. மூடப்பட்ட கதவுகள்

ஒருவன் கடைசிக் கதவைத் தட்டுவதற்கு முன் மற்ற கதவுகள் மூடப்பட்டதை நாம் பார்த்திருக்க வேண்டும். இதற்கு "மகாநதி"யை (1994) விடச் சிறந்த பாடம் தமிழ்த் திரையில் குறைவு. கமல்ஹாசன் கதை எழுதி நடிக்க, சந்தான பாரதி இயக்கிய படம். கிருஷ்ணசாமியை ஆசை காட்டிச் சென்னைக்கு இழுத்துச் சீட்டுக் கம்பெனியில் மாட்டிவிடும் மோசடிக்காரனாக நடித்தவர் நம் கொச்சின் ஹனீபா. 2010-இல் மறைந்த அவரை இங்கே சிரிக்க வைக்கும் நடிகராகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் அவரைப் பார்த்தால் வயிறு எரியும்.

கிருஷ்ணசாமி சிறைக்குப் போகிறார். வெளியே வந்தால் குடும்பம் சிதறிக் கிடக்கிறது. மகளைக் கல்கத்தாவின் சோனாகாச்சியிலிருந்து மீட்டு வருகிறார். இங்கே கவனியுங்கள்: மீட்டவுடன் அவர் பழிவாங்கப் புறப்படவில்லை. குழந்தைகள் கிடைத்துவிட்டார்கள், இனி வாழலாம் என்றே நினைக்கிறார். ஓர் இரவு மகள் தூக்கத்தில் பிதற்றுவது அவர் காதில் விழுகிறது. அவள் திரும்பி வந்துவிட்டாள், ஆனால் அவளுக்கு நடந்தது இன்னும் முடியவில்லை என்பது அப்போது அவருக்குத் தெரிகிறது. அந்த நிமிஷத்தில்தான் அவர் மாறுகிறார். நாமும் அவரோடு மாறுகிறோம். சண்டையோ சவாலோ இல்லை. தூங்கும் ஒரு குழந்தையும் விழித்திருக்கும் ஒரு தகப்பனும் மட்டுமே.

மருத்துவமும் இதையே சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் வெளியிட்ட கையேட்டில்தான் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு தனி நோயாக இடம் பெற்றது. நடந்தது கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்ப்பது, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது, தூக்கம் கெடுவது ஆகியவை அதன் முக்கிய அடையாளங்கள். "கொலைவெறி வருவது" அந்தப் பட்டியலில் இல்லை. மனம் புண்பட்டவர்களையெல்லாம் ஆபத்தானவர்களாகக் காட்டுவது அவர்களுக்கு நாம் செய்யும் இன்னொரு தீங்கு.

அதுபோலவே, துயரத்துக்கு ஐந்து படிகள் என்று எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதியதை வைத்துக்கொண்டு, இந்தக் காட்சியில் மறுப்பு, அடுத்த காட்சியில் கோபம் என்று ஏணி கட்டுகிறார்கள். அவர் அதை எழுதியது தம் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி. துயரம் ஏணி அன்று. நம் காயல் மாதிரி, ஏறும், இறங்கும்.

5. கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருள்

பெருந்துயரை நேராகக் காட்ட முடியாது. துயருற்றவர் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பார், அதைக் காட்டலாம். கண்ணகிக்குச் சிலம்பு. "மகாராஜா" (2024) படத்தில் ஒரு குப்பைத் தொட்டி. அதற்கு லட்சுமி என்று பெயர் வைத்து, அது காணாமல் போனதாகக் காவல் நிலையத்தில் விஜய் சேதுபதி புகார் கொடுக்கும்போது நாம் சிரிக்கிறோம். கதை நகர நகரச் சிரித்ததற்காக வெட்கப்படுகிறோம். படம் பார்க்காதவர்களுக்காக முடிவைச் சொல்லவில்லை.

"மகேஷின்டெ பிரதிகாரம்" (2016) இங்கே எல்லோரும் பார்த்த படம். இடுக்கியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மகேஷ் நடுத்தெருவில் அடிவாங்குகிறான். திருப்பி அடிக்கும்வரை செருப்புப் போடுவதில்லை என்று சபதம். அடித்தவனோ வெளிநாடு போய்விடுகிறான்! இதில் சாவு இல்லை, இரத்தம் இல்லை. இருந்தாலும் அவன் நோக்கத்தை நாம் நம்புகிறோம். காயத்தின் அளவும் பழியின் அளவும் ஒத்திருக்கின்றன. அடிக்கு அடி, அவ்வளவுதான். வெறுங்காலோடு அவன் நடக்கும் ஒவ்வொரு முறையும் சபதம் நமக்கு நினைவுக்கு வருகிறது.

"அசுரன்" (2019) படத்திலும் செருப்பு வருகிறது. ஆனால் அதன் எடை வேறு. செருப்புப் போட்டு நடந்ததற்காக ஒரு பெண் அவமானப்படுத்தப்படுகிறாள். ஒரே பொருள், ஓர் ஊரில் ஒரு மனிதனின் மானம். இன்னோர் ஊரில் ஒரு சமூகத்தின் உரிமை. பொருளைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. அது அந்த மண்ணில் என்ன பொருள்படுகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

6. ஒரு வீட்டில் இரண்டு துயரம்

"அசுரன்" பூமணியின் "வெக்கை" நாவலை (1982) ஒட்டி வெற்றிமாறன் எடுத்தது. நாவலில் அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்டிவிடத்தான் பையன் நினைக்கிறான், நடந்துவிடுவது கொலை. பதினைந்து வயதுப் பிள்ளை போட்ட கணக்குத் தப்பிப்போகிறது. திட்டம் பிசகுவதே அவனை நாம் நம்புவதற்குக் காரணம். குறி தவறாத நாயகனை ரசிக்கலாம், நம்ப முடியாது.

படத்தில் தகப்பன் சிவசாமி (தனுஷ்), மூத்த மகன் கொல்லப்பட்ட பிறகும் அடங்கியிருக்கிறார். தாய் பச்சையம்மாள் உடைந்து போகிறாள். நாகர்கோவிலில் பிறந்த நம் மஞ்சு வாரியரின் முதல் தமிழ்ப் படம் அது. இளைய மகனுக்குத் தகப்பன் கோழையாகத் தெரிகிறார். பிறகுதான் சிவசாமி இளமையில் ஒரு முறை எல்லாவற்றையும் இழந்து, பழியும் வாங்கி, அதனால் ஒன்றும் மீளவில்லை என்று கண்டவர் என்பது தெரிகிறது. பழிவாங்காமல் இருப்பதற்கும் இங்கே வலுவான நோக்கம் இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே சாவுக்கு மூன்று பேர் மூன்று விதமாக அழுகிறார்கள். உங்கள் கதையில் எல்லோரும் ஒரே மாதிரி அழுதால், ஒருவரைத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள்.

7. ஒரு எச்சரிக்கை

நம் படங்களில் பெரும்பாலும் ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடக்கும். கோபப்படும் வேலை ஆணுக்கு. அவள் பெயர்கூட இடைவேளைக்குள் மறந்துவிடும். இதைத் தவிர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, இழக்கப்படுபவரை முதலில் வாழவைப்பது. "கஜினி" (2005) படத்தில் நம் கொச்சிப் பெண் அசின் நடித்த கல்பனா எவ்வளவு நேரம் திரையில் சிரிக்கிறாள், பொய் சொல்கிறாள், பிறருக்கு உதவுகிறாள்! பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நினைவிழக்கும் நாயகன் அவளை மறந்தாலும் நாம் மறப்பதில்லை. மற்றொன்று, பாதிக்கப்பட்டவரே தம் வழக்கை எடுத்துக்கொள்வது. "22 பீமேல் கோட்டயம்" (2012) படத்தின் செவிலி டெஸ்ஸா அப்படிப்பட்டவள். அவள் செய்தது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் செய்தது அவள்.

8. வகுப்பில் நடந்தது

மழைக்காலத்தில் ஒரு மாணவி கதை கொண்டுவந்தாள். அண்ணனைப் பேருந்து ஏற்றிக் கொன்ற ஓட்டுநரையும், முதலாளியையும், இன்னும் மூன்று பேரையும் தங்கை தேடித் தேடிக் கொல்கிறாள். அவள் அண்ணன் இரண்டு வருஷம் முன்பு மோட்டார் சைக்கிளில் போகும்போது பேருந்து மோதி இறந்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

நான் மெதுவாக, "இந்தப் பெண் அன்றைக்கு என்ன செய்தாள்? கொலையெல்லாம் இருக்கட்டும். செய்தி வந்த அன்றைக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எனக்கு அன்றைக்கு நல்ல பசி, சார். பக்கத்து வீட்டுச் சேச்சி கொண்டுவந்த இட்லியை ஆறு சாப்பிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை" என்றாள்.

"அந்த ஓட்டுநரையா?"

"இல்லை சார். என்னை."

மூன்று வாரம் அவள் வரவில்லை. தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று எனக்குத் தூக்கமில்லை. நாலாவது வாரம் புதிய கதையோடு வந்தாள். அதில் கொலை இல்லை. தங்கை தினமும் தோப்பும்படியில் அதே பேருந்தில் ஏறுகிறாள். இரண்டு டிக்கெட் வாங்குகிறாள். ஓட்டுநரின் முதுகைப் பார்த்துக்கொண்டே போகிறாள். அவள் பையில் ஏதோ இருக்கிறது. என்னவென்று நமக்குத் தெரியாது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அவரிடம் போகிறாள். ஓடி வந்து அண்ணனை முதலில் தூக்கியவர் அந்த ஓட்டுநர்தான். அவள் கேட்பது ஒரே கேள்வி: "அவன் ஏதாவது சொன்னானா?"

படித்து முடித்தபோது வகுப்பில் சத்தமில்லை. எனக்கு என் குடை ஞாபகம் வந்தது. முப்பது வருஷத்துக்கு முன் நான் கேட்காமல் வந்ததை இந்தப் பெண் கேட்டுவிட்டாள்.

"அம்மாவிடம் காட்டினாயா, அம்மா?" என்றேன்.

"காட்டினேன் சார். நான் வந்து பார்ப்பேனோ மாட்டேனோ, நீ எடு என்றாள்."

வரும் பொங்கல் விழாவில் அந்தக் குறும்படத்தை நம் மன்றத்தில் திரையிடுகிறோம். உறுப்பினர்கள் குடும்பத்தோடு வர வேண்டுகிறேன்.

9. வீட்டில் செய்துபார்க்கப் பயிற்சி

அ) உங்கள் பாத்திரம் இழந்தவரை, அவர் உயிரோடிருந்த ஒரு சாதாரண நாளில் எழுதுங்கள். ஒரு பக்கம். அதில் ஒரு சின்னச் சண்டையாவது இருக்கட்டும்.

ஆ) செய்தி வந்த முதல் நாள் அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, யாரிடம் எரிந்து விழுந்தார் என்று எழுதுங்கள்.

இ) பழிவாங்கப் புறப்படுமுன் அவர் தட்டிய கதவுகள் மூன்றைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றும் ஏன் திறக்கவில்லை?

ஈ) எதிரியை நேரில் கண்டால், ஆயுதம் எடுக்குமுன் கேட்க விரும்பும் ஒரே கேள்வி எது? அதை ஒரு வரியில் எழுத முடியாவிட்டால் கதை இன்னும் தயாராகவில்லை.

உ) எல்லாம் முடிந்த மறுநாள் காலை அவர் என்ன செய்கிறார்?

எழுதியவற்றை ஞாயிற்றுக்கிழமை மாலை மன்றத்துக்குக் கொண்டு வாருங்கள். வயது வரம்பு இல்லை. பெரியவர்களும் வரலாம். எழுத வராவிட்டாலும் சொல்ல வந்தால் போதும். கேட்க ஆள் இருக்கிறோம்.